கேம்பல் பே: எந்தச் சான்றிதழ் என்பதற்கு முன் எந்த ஊர் என்று கேட்போம்

ஆம்புலன்ஸில் பணியாற்றும் அவசரகால மருத்துவ உதவியாளர்களுக்கு எந்தச் சான்றிதழ் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் நம் பொதுச் சுகாதாரத் துறைகளில் ஓய்வதில்லை. விபத்துக் காயங்களுக்குப் பி.ஹெச்.டி.எல்.எஸ். சிறந்ததா, ஐ.டி.எல்.எஸ். சிறந்ததா? குழந்தைகளுக்குப் பி.ஏ.எல்.எஸ். போதுமா, பெப் வேண்டுமா, ஈ.பி.சி. வேண்டுமா? பாடத்திட்டங்களை அட்டவணையிடுகிறோம், வகுப்பு நேரம், கட்டணம், சான்றிதழ் செல்லுபடியாகும் காலம், வழங்கும் அமைப்பின் பெயர் ஆகியவற்றை ஒப்பிடுகிறோம். இந்த அட்டவணைகளில் ஒரு நெடுவரிசை மட்டும் தொடர்ந்து விடுபட்டுப்போகிறது. பயிற்சி பெற்றவர் எந்த ஊரில் நின்று, எவ்வளவு நேரம், எந்தக் கருவிகளோடு ஓர் உயிரைக் காக்கப்போகிறார் என்ற நெடுவரிசை அது.

அந்த நெடுவரிசையைச் சேர்த்துவிட்டால் விடையே மாறிவிடும். கேம்பல் பே போன்ற ஓர் ஊருக்கு மேற்சொன்ன ஐந்தில் எதுவும் முதல் தேர்வாக இருக்க இயலாது என்பது என் வாதம். அவை தரமற்ற வகுப்புகள் என்பதனால் இதைச் சொல்லவில்லை. அவை வேறொரு நிலப்பரப்பின் கடிகாரத்துக்கு எழுதப்பட்டவை. அந்தக் கடிகாரத்தை நிக்கோபாரின் கையில் கட்டிவிட்டு நேரம் சரியாகக் காட்டுகிறது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கேம்பல் பே கிரேட் நிக்கோபார் தீவின் தலைமையூர். 1969 முதல் பஞ்சாப் தொடங்கித் தமிழ்நாடு வரை பல மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே நிக்கோபாரியரும் ஷோம்பென் மக்களும் அந்தத் தீவில் வாழ்ந்துவருகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவின் மொத்த மக்கள் சுமார் 8,000 பேர். ஊரில் இருப்பது ஒரு சிறிய அரசு மருத்துவ நிலையம். உயர் அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவரை, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ள கோ.ப. பந்த் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். அது கடல்வழியில் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சுமத்ராவின் பண்டா ஆச்சே நகரம் அதைவிட அருகில்! நடுவே கார் நிக்கோபாரில் மாவட்ட மருத்துவமனை ஒன்று உண்டு. அதற்கும் கடலைக் கடந்துதான் போக வேண்டும். கப்பல் என்றால் நாள்கணக்கு. ஹெலிகாப்டரோ, கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் ஓடுதளத்தில் இறங்கும் விமானமோ கிடைக்குமா என்பதை வானிலையும் பகல் வெளிச்சமும் தீர்மானிக்கின்றன. தீவுக்குள் கிழக்குக் கரையோரம் தெற்கே சென்ற சாலையின் பகுதிகளை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அழித்ததையும், இந்திரா முனை நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனதையும் நாம் அறிவோம்.

இந்த இடத்தில் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் மாலை நான்கு மணி. ஆம்புலன்ஸ் அவரை மருத்துவ நிலையத்தில் சேர்த்துவிடும். அதுவரை மற்ற ஊர்களின் கதைதான். அதன் பிறகு என்ன? மறுநாள் காலைவரை வான்வழி திறக்காது. இரவு முழுவதும் அவருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், வலி தணிக்க வேண்டும், உடல் குளிர்ந்துபோகாமல் காக்க வேண்டும், சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும், கட்டிய பத்தைக்குக் கீழே பாதத்தில் நாடி இருக்கிறதா என்று மணிக்கொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவர் ஒருவரோ இருவரோ உள்ள இடத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி மருத்துவ உதவியாளர், செவிலியர் ஆகியோரின் கைகளில்தான் வந்து விழும். மறுநாள் ஹெலிகாப்டரில் உடன் செல்பவரும் பெரும்பாலும் அவர்களுள் ஒருவரே.

இனி அந்த வகுப்புகள் எதை முன்னிறுத்துகின்றன என்று பார்ப்போம். பி.ஹெச்.டி.எல்.எஸ்., ஐ.டி.எல்.எஸ். ஆகிய இரண்டும் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானவை. ஆபத்தான காயம் பட்டவரைச் சம்பவ இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதே. மூச்சுப்பாதையைக் காத்து, இரத்தப்போக்கை நிறுத்தி, வண்டியில் ஏற்றிப் பறந்துவிடு. மீதியை வழியில் செய்துகொள் என்பதே அவற்றின் அடிப்படை ஒழுங்கு. பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி பரப்பிய ‘கோல்டன் ஹவர்’ என்ற கருத்து இதன் பின்னணியில் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கை அடைய முடிகிற நகரத்துக்கு இது மிக நல்ல ஒழுங்கு. சென்னைக்கும் மதுரைக்கும் ஓரளவு பொருந்தும். கேம்பல் பேயில் ‘ஏற்று, பற’ என்றால் எங்கே பறப்பது? வகுப்பு நோயாளியை ஒப்படைக்கும் தருணத்தோடு முடிகிறது. தீவில் வேலை அந்தத் தருணத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வகுப்புகளுக்கெல்லாம் மூதாதையான ஏ.டி.எல்.எஸ்.ஸின் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதை வகுப்பில் கதையாகச் சொல்லிவிட்டு அதன் பொருளை விட்டுவிடுகிறோம். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் தாமே ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். குழந்தைகள் படுகாயம் அடைந்தனர். அருகிலிருந்த சிறிய கிராமப்புற மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை, வயலில் தாமே செய்ததைவிடத் தாழ்ந்ததாக இருந்தது என்று அவர் கண்டார். பெருநகர மருத்துவமனையின் பாடத்திட்டம் ஒன்றை வாங்கிவந்து அங்கே ஒட்டவைக்க அவர் முயலவில்லை. தம் சகாக்களோடு சேர்ந்து, அத்தகைய சிறிய மருத்துவமனையில் தனியாக நிற்கும் மருத்துவருக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1978இல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்ற சிற்றூரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. ஒதுக்குப்புறமான ஓர் ஊரின் குறையிலிருந்து, அந்த ஊரின் நிலையை அளந்து பிறந்த பயிற்சி அது. நாம் பின்பற்ற வேண்டியது ஸ்டைனர் செய்த செயலை. நாமோ ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அந்தச் செயலின் விளைபொருளை விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

‘உலகத் தரம்’ என்ற சொல்லால் இந்த வாதத்தை மூடிவிட முயல்பவர்கள் சான்றுகளையும் எதிர்கொள்ள வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓப்பல்ஸ் ஆய்வு 2008இல் வெளியானது. படுகாயமடைந்த 2,867 பேரின் தரவுகள் அதில் உள்ளன. ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி அளித்த பிறகு ஒட்டுமொத்தப் பிழைப்பு விகிதம் உயரவில்லை: முன்பு 81.8 விழுக்காடு, பின்பு 81.1 விழுக்காடு. நினைவு கடுமையாகக் குன்றியிருந்த நோயாளிகளிடையே அது 60.0 விழுக்காட்டிலிருந்து 50.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆம்புலன்ஸ் பணியாளருக்கான உயர்நிலைக் காயப் பயிற்சிகளை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வும், அவை இறப்பைக் குறைக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. சான்று இல்லாமையை, பயன் இல்லாமைக்குச் சான்றாக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பணி நியமனத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் கட்டாய நிபந்தனையாக ஒரு சான்றிதழை வைப்பவர்தான் அதன் பயனை நிறுவக் கடமைப்பட்டவர்.

மறுபுறம் வேறொரு சான்று இருக்கிறது. நம் கருத்தரங்குகளில் அதைக் கேட்பது அரிது. ஹன்ஸ் ஹூசும் என்ற நார்வே மருத்துவரும் அவருடைய குழுவும் 1997 முதல் 2001 வரை வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடிகள் புதைந்த கிராமங்களில் பயிற்சி அளித்தனர். உள்ளூர் மருத்துவ உதவியாளர் 135 பேர், சாதாரணக் கிராமத்தவர் 5,200 பேர். மருத்துவமனையை அடையச் சராசரியாக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் நிலம் அது. அங்கே கற்பித்தவை எளிய அடிப்படைகள். ஆனால் பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப வந்து, நடந்த சம்பவங்களை வைத்தே மீண்டும் கற்பித்தார்கள். காயத்தால் ஏற்பட்ட இறப்பு விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாக இறங்கியது. இது முன்–பின் ஒப்பீடுதான். சமவாய்ப்புச் சோதனை அன்று. கண்ணிவெடிக் காயமும் மோட்டார் சைக்கிள் விபத்தும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆயினும் கேம்பல் பேக்கு எந்த ஆய்வு நெருக்கமானது? நல்ல சாலையும் நகர மருத்துவமனையும் அருகிலிருந்த ஒன்டாரியோவா, மணிக்கணக்கில் நோயாளியைக் காத்துக்கொண்டு நடந்த கம்போடியக் கிராமமா?

மருந்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் விலை மலிந்தது. 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் நடந்த கிராஷ்-2 சோதனை 2010இல் அதன் பயனை நிறுவியது. இந்திய மருத்துவமனைகள் அதில் பெரும்பங்கு வகித்தன. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்குப் பிந்திக் கொடுத்தால் தீங்கும் விளையலாம் என்று தொடர்ந்து வந்த பகுப்பாய்வு காட்டியது. அப்படியானால் போர்ட் பிளேர் மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும் அந்தக் குப்பியால் கேம்பல் பேயில் விழுந்தவருக்கு என்ன பயன்? அது தீவில் இருக்க வேண்டும். அதை எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்கக் கூடாது என்பது தீவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுக் கொடுக்க எழுத்து வடிவிலான அனுமதி அவருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் இரண்டு நாள் வகுப்பின் அட்டை தானாகக் கொண்டுவராது.

குழந்தைகள் விஷயத்தில் பிசகு இன்னும் ஆழமானது. லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்சு ஆகிய இரு கவுண்டிகளில் 830 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. ஆம்புலன்ஸ் பணியாளர் குழந்தையின் மூச்சுக்குழாயில் குழாய் செருகியதால், ஆம்பு பையும் முகமூடியும் கொண்டு மூச்சளித்ததைவிடக் கூடுதல் உயிர்கள் பிழைக்கவில்லை. ஆயிரக்கணக்கான அழைப்புகள் வரும் பெருநகரத்திலேயே இதுதான் நிலை. சில ஆயிரம் பேர் வாழும் தீவில் அந்தத் திறனைக் கையாளும் வாய்ப்பு ஒரு பணியாளருக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? பயன்படாத கைத்திறன் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கும் என்பது மருத்துவக் கல்வியில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் பி.ஏ.எல்.எஸ். சான்றிதழோ இரண்டு ஆண்டு செல்லும்! தேய்ந்த திறனுக்குத் தேயாத அட்டை.

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதிர்ச்சி நிலைக்குச் சென்ற குழந்தைக்குச் சலைனை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது நெடுங்காலமாகக் குழந்தைகளுக்கான உயிர்காப்பு வகுப்புகளின் மையப் பாடமாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடுமையான காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தது ஃபீஸ்ட் ஆய்வு. 2011இல் முடிவு வெளியானது. வேகமாகச் சலைன் ஏற்றப்பட்டவர்களில் 10.5 விழுக்காட்டினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர், ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காட்டினர். வயிற்றுப்போக்கும் விபத்துக் காயமும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அவற்றுக்கு இதை நீட்டிக்கக் கூடாது. ஆனால் அது கற்பிக்கும் பொதுப் பாடத்தை மறுக்க இயலாது: செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிரச் சிகிச்சைப் பிரிவும் பின்னால் இருக்கும் இடத்துக்கு எழுதிய விதி, அவை இல்லாத இடத்தில் கொல்லக்கூடும். பின்னர் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்களே வசதி குறைந்த இடங்களில் எச்சரிக்கை தேவை என்று திருத்திக்கொண்டன. அந்தத் திருத்தத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மூன்று நாடுகளின் பிள்ளைகள்.

அதே ஆப்பிரிக்காவில்தான் மாற்றுவழியும் கிடைத்தது. உலகச் சுகாதார அமைப்பின் ‘ஈடாட்’ என்னும் குழந்தைகளுக்கான அவசரத் தரம்பிரிப்புப் பயிற்சி, மலாவியின் பிளாண்டயர் நகர மருத்துவமனையில் குழந்தைகள் வந்து நிற்கும் முறையையும் அவர்களைப் பார்க்கும் வரிசையையும் மாற்றியமைத்ததோடு இணைந்தது. உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 10–18 விழுக்காட்டிலிருந்து 6–8 விழுக்காடாக இறங்கியதை 2006இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. இதற்குப் பெருங்கருவி எதுவும் தேவைப்படவில்லை. எந்தக் குழந்தையை முதலில் பார்ப்பது என்ற தீர்மானமும், அதைப் பார்க்க ஒருவர் தயாராக நிற்பதுமே போதுமானதாக இருந்தது.

தீவுக்குரிய பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். நம் மருத்துவமனைகளில் புழங்கும் ‘பி’ வகை ஆக்சிஜன் உருளையில் சுமார் 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் திறந்துவிட்டால் 5 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். நிமோனியாவில் மூச்சிரைக்கும் கைக்குழந்தைக்கு மூக்குக் குழல் வழியே நிமிடத்துக்கு 1 லிட்டர் போதும் என்றால் அதே உருளை 25 மணி நேரம் வரும். பதினைந்து நிமிடத்தில் மருத்துவமனையை அடையும் நகரப் பணியாளருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. கேம்பல் பேயில் மறுநாள் ஹெலிகாப்டர் வரும்வரை அந்தக் குழந்தையின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது. இத்தகைய கணக்குகளை எந்த வகுப்பு முதல் பாடமாக வைக்கிறதோ அதுவே அந்த ஊருக்கு உயர்நிலை வகுப்பு.

இத்தனைக்குப் பிறகும் நாம் ஏன் அட்டைகளையே துரத்துகிறோம்? அட்டையை எண்ண முடியும் என்பதே விடை. ‘இத்தனை பணியாளர்கள் பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றுள்ளனர்’ என்ற வரி ஆண்டறிக்கையில் அழகாக உட்காரும். ஒப்பந்த ஆவணத்தில் நிபந்தனையாக எழுதவும் எளிது. ‘காயம்பட்டவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கப்பட்டதா?’ என்று எழுதினால் யாரோ ஒருவர் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அளப்பதற்கு எளிதானதைத் தரம் என்று அழைக்கும் பழக்கத்துக்கு நிர்வாகம் மட்டுமே பொறுப்பன்று. பாடத்திட்ட ஒப்பீடுகளை ஆய்வேடுகளாக எழுதிக் குவிக்கும் நாமும் அதற்குத் துணைநிற்கிறோம்.

2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் அவசரகால மருத்துவத் தொழில்நுட்பப் பணியை ஒரு தொழிலாக அங்கீகரித்து அட்டவணையில் சேர்த்திருக்கிறது. துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்பதற்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை அச்சட்டம் வரையறுக்கிறது. அப்படியிருக்க, பதினாறு மணி நேர வகுப்பின் அட்டை ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோலாவது எப்படி? தொழிலின் அடித்தளம் இந்தச் சட்டத்தின்கீழ் அமையட்டும். சிறு வகுப்புகள் அந்த அடித்தளத்தின் மீது, ஊரின் தேவைக்கேற்ப வைக்கப்படும் மேற்கட்டுமானமாக இருக்கட்டும்.

எதிர்வாதங்கள் இரண்டை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது: ‘நகரத்தாருக்குப் பன்னாட்டுத் தரம், தீவினருக்கு உள்ளூர்த் தரமா? இது பாகுபாடு இல்லையா?’ இந்தக் கேள்வியின் பின்னுள்ள நீதியுணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் நான் கேட்பது குறைந்த பயிற்சியை அன்று, கூடுதல் பயிற்சியை. பத்து நிமிடப் பணிக்கு இரண்டு நாள் வகுப்பு என்றால், பதினெட்டு மணி நேரப் பணிக்கு எத்தனை நாள் வேண்டும்? தம் ஊரில் நடக்கவே முடியாத ஒன்றுக்குத் தேர்வெழுதி, நாள்தோறும் நடப்பதற்குப் பயிற்சியின்றி நிற்கும் பணியாளரைத் தருவதே உண்மையான பாகுபாடு.

இரண்டாவது: ‘பன்னாட்டு அட்டை பணியாளருக்கு வேறிடங்களில் வேலைவாய்ப்பைத் தருகிறது, அதை ஏன் மறுக்க வேண்டும்?’ மறுக்கவே வேண்டாம். அவர் விரும்பினால் அரசே செலவேற்று அனுப்பட்டும். அது அவருடைய தொழில் உரிமை. ஆனால் தீவிலிருந்து கடல் கடந்து சென்று இரண்டு நாள் வகுப்பில் அமர்ந்து திரும்பும்வரை, கப்பல் அட்டவணையைப் பொறுத்து அவர் இடம் பல நாள் காலியாக இருக்கும். அந்த நாட்களில் யார் நிற்பார் என்ற ஏற்பாடும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும். பணியாளரின் முன்னேற்றத்தையும் ஊரின் பாதுகாப்பையும் ஒரே அட்டையால் நிறைவேற்ற நினைப்பதுதான் கோளாறு.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் முன்மொழிவு பின்வருமாறு. அடித்தளமாக, வசதி குறைந்த இடங்களின் முன்னணிப் பணியாளருக்கென்றே உலகச் சுகாதார அமைப்பும் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவும் 2018இல் வெளியிட்ட ‘அடிப்படை அவசரச் சிகிச்சை’ப் பயிற்சியை எடுக்கலாம், அல்லது நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2021இல் தொடங்கிய தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சியை எடுக்கலாம். குழந்தைகளுக்கு ஈடாட். பிறந்த குழந்தைக்கு மூச்சளிக்க, 2009 முதல் நம் நாட்டில் நடந்துவரும் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தின் பயிற்சி. இந்த மூன்றின் மீதும், நோயாளியை ஓர் இரவும் ஒரு பகலும் காத்து, வானூர்தியில் அழைத்துச் செல்லும் நீள்நேரப் பராமரிப்பு என்ற புதிய பகுதியைத் தீவுக்கென நாமே எழுத வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கவும் எழுதவும் ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று: வகுப்பின் கடைசிக் காட்சி எது? ஒப்படைப்போடு முடிந்தால் அது பாதி வகுப்பு.

இரண்டு: கற்பிக்கும் கருவியும் மருந்தும் தீவின் கிடங்கில் உள்ளனவா? இல்லாததைக் கற்பிக்காதே, கற்பித்தால் வாங்கி வை.

மூன்று: மறுபயிற்சி தீவிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்குமா? சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வழியாகக் கிரேட் நிக்கோபார் வரை சென்ற கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அந்த வடத்தின் வழியே ஒரு பயிற்றுநரின் முகமும் குரலும் வரட்டும். பொம்மையும் ஆம்பு பையும் தீவில் இருக்கட்டும்.

நான்கு: எந்த மொழியில்? பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி பேசும் வீடுகளிலிருந்து வந்து பணியிடத்தில் இந்தியில் உரையாடுபவருக்கு, ஆங்கிலக் கேள்வித்தாளில் பெறும் 84 மதிப்பெண் எதை அளக்கிறது? ஆங்கிலத்தையா, கைத்திறனையா?

ஐந்து: விளைவை எப்படி அறிவோம்? ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒரு பக்கப் பதிவு: காயம் பட்ட நேரம், முதல் கை பட்ட நேரம், மருந்து கொடுத்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்தபோது நிலை. இது இல்லாத பயிற்சித் திட்டம் எதுவாயினும் நம்பிக்கை சார்ந்தது மட்டுமே.

இந்த விவாதத்தை ஒத்திவைக்க நேரமில்லை. கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்டம் முழுமை பெறும்போது தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.5 லட்சமாகும் என்று திட்ட ஆவணங்களே மதிப்பிடுகின்றன. அந்தத் திட்டத்தைப் பற்றி நமக்குள் கடும் கருத்து வேறுபாடுகள் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் மறுக்க முடியாத ஒன்று உள்ளது. விமான நிலையமும் பெரிய மருத்துவமனையும் எழுவதற்கு முன்பே கட்டுமானத் தொழிலாளர்கள் வந்துவிடுவார்கள். சாரத்திலிருந்து விழுவோரும், இயந்திரத்தில் கை சிக்குவோரும், அவர்களின் தற்காலிகக் குடியிருப்புகளில் காய்ச்சலில் துவளும் பிள்ளைகளும் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் இருப்பார்கள். ஷோம்பென், நிக்கோபாரிக் குடியிருப்புகளும் அதே சிறிய மருத்துவ நிலையத்தைத்தான் நம்பியிருக்கும்.

ஆகவே பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, அவசர மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து ஒரு வகுப்பை இன்னொரு வகுப்போடு ஒப்பிடும் கட்டுரையைத் தொடங்கும் முன், அந்த விடுபட்ட நெடுவரிசையை வரைந்துவிடுங்கள்: ஊர், தொலைவு, காத்திருக்கும் நேரம், கிடங்கில் உள்ள பொருள். தமிழிலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும் நீள்நேரப் பராமரிப்புக் கையேடு ஒன்றை எழுத முன்வரும் துறை எதுவோ அதற்கு என் உழைப்பைத் தரத் தயாராக இருக்கிறேன். மறுப்புகளை வரவேற்கிறேன், ஆனால் மறுப்பவர்கள் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கேம்பல் பேயில் விழுந்தவருக்கு, நீங்கள் பரிந்துரைக்கும் வகுப்பின் எந்தப் பக்கம் இரவு பதினொரு மணிக்குப் பயன்படும்?